பத்தொன்பதரை

மாங்கூழ் ஆலையில் குளிர் அறை அப்பாவின் பொறுப்பு.
வெளியே கந்திகுப்பம் வெந்துகொண்டிருக்கும்,
உள்ளே மைனஸ் பதினெட்டு.
ஆலை கொடுத்த கம்பளிக் கோட்டும்
புருவத்தில் வெண்பொடியுமாக வெளியே வந்து
லாரிகளுக்கு நடுவே நின்று டீ குடிப்பார்.
அவர் தொட்ட பனி அவ்வளவுதான்.
மீதி எல்லாம் பதினான்கு அங்குலத் திரையில்.

கேபிள் பாஷா ஒருநாள்
யாருக்கும் புரியாத பாஷைச் சேனலைத் தூக்கிவிட்டார்.
அன்றிரவே டிவிஎஸ் ஃபிப்டியை உதைத்துக்கொண்டு போனார் அப்பா.
மாதம் இருபது ரூபாய் கூடத் தர்றேன்.
அதுல என்னதான் இருக்கு முனிரத்தினம்?
ஆள் பறக்கிறான்.

ஜனவரி ஒன்று, மாலை ஆறரை.
தெருவெல்லாம் கேக் வாசனை.
ஜெர்மனியில் எங்கோ ஒரு மலை உச்சியில்
கம்பிமேல் உட்கார்ந்திருப்பான் ஒருத்தன், பச்சை விளக்குக்காக.
நாற்காலி விளிம்பில் அப்பாவும்.
அவன் வழுக்கி, குனிந்து, நுனியில் எழும்பிக்
காற்றில் படுத்துக்கொள்ளும்போது
குழம்பு கேட்ட அம்மாவுக்குப் பதில் வராது.
தரை வந்த பிறகுதான்
'ம், ஊத்து' என்பார்.

ஐந்து நடுவர், ஆளுக்கு இருபது மார்க்.
மேலே ஒன்று, கீழே ஒன்று அடித்துவிட்டு
நடு மூன்றைக் கூட்ட வேண்டும்.
ஏழாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே எனக்கு இது தெரியும்.
கிணற்றில் குதித்த திம்மராயன் மகனுக்குப் பதினாறு:
முழங்கால் மடங்கிவிட்டது.
மாடியிலிருந்து விழுந்த பிளாஸ்டிக் குடத்துக்கு ஒன்பது.
அணைக்கட்டுச் சேற்றில் இறங்கிய கொக்குக்குப் பத்தொன்பதரை:
பார், ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே,
எவன் சொல்லிக்கொடுத்தான் அதுக்கு!
அரை ஏன் குறைச்சீங்க?
முழுசாக் குடுத்துட்டா அடுத்த கொக்கு என்ன பண்ணும்.

பத்தாம் வகுப்பில் எனக்கு ஐந்து பாடம்.
கணக்கில் இருபத்தொன்பது.
சிவப்புப் பேனாவால் அதை அடித்தார்.
நியாயம் வேண்டுமல்லவா,
தமிழில் வாங்கிய தொண்ணூற்றொன்றையும் அடித்தார்.
மூன்றைக் கூட்டி, வட்டம் போட்டு,
அம்மா திட்டத் திட்ட
எனக்கு மசால் தோசை வாங்கித் தந்தார்.

வடை மடித்து வந்த விளையாட்டுப் பத்திரிகைத் தாளில்
எண்ணெய்க் கறைக்கு நடுவே ஒருமுறை படித்தாராம்:
முன்பெல்லாம் கட்டைகளைச் சேர்த்துவைத்துத்தான் பறப்பார்கள்.
கத்தரிபோல் விரித்துப் பறந்த முதல் ஆளுக்கு
மார்க்கைக் குறைத்தார்கள்.
அவன் தூரமாய்ப் போனான்.
பிறகு எல்லாரும் விரித்தார்கள்.
இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் வரும்,
குறைத்தவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள்போல.

ஒரு சீசன், இரவு ஷிஃப்ட்.
சாப்பாட்டுக் கேரியரோடு போன நான்
கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்:
பீப்பாய் வரிசைகளுக்கு நடுவே
மரத்தட்டின் இடுக்கில் பூட்ஸைச் செருகி
கைகளைப் பின்னே ஒட்டி
மூக்கு தரையை நோக்க
சரிந்து நின்றுகொண்டிருந்தார்.
விழவில்லை.
மூச்சுமட்டும் வெள்ளையாய் முன்னே போனது.
எவ்வளவு நேரம் என்று எண்ணத் தொடங்கி
எண்ணிக்கையை விட்டேன்.
கதவைத் தட்டாமல்
கேரியரைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.
ரசம் ஆறிப்போச்சு என்றார் காலையில்.
நானும் ஆமாம் என்றேன்.

போன மார்கழியில்
கிருஷ்ணகிரியிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது.
கம்ப்ரஸர் ஒரு மாதிரி இருமியது,
அவர் கேட்டிருந்தால் எழுந்து திறந்து பார்த்திருப்பார்.
குதிகால் சேர்ந்து, முனை விலகி,
கத்தரிபோல் விரிந்திருந்தன பாதங்கள்.
பெரியப்பா வெள்ளைத் துணி கிழித்து வந்து
கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்.

அவிழுங்க, என்றேன்.
புள்ள என்னமோ உளறுது, என்றார்கள்.

மூடிக் கண்ணாடியில் நீர் கோத்தது.
விரலால் ஓர் எண் எழுதினேன்.
முகம் தெரியலையே என்று
அத்தை முந்தானையால் துடைத்தாள்.
கொஞ்ச நேரத்தில்
மறுபடி நீர் கோத்தது.